நாலு கலம், நாலு மரக்கால்

கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்காக எதிர்வீட்டு நாகம்மாள் துணிக் கிழிசலோடு காத்திருந்தாள். செவ்வந்தி மாமனாரின் வலது கையை எடுத்தாள். எடுத்தவள் விடவில்லை. அவளுடைய மூன்று விரல்களும் பழக்கத்தில் மணிக்கட்டின் உள்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன.

"என்னடி பண்ற? கையக் குடு, வெறைச்சிரும்" என்றாள் நாகம்மாள்.

செவ்வந்தி கையைக் கொடுத்தாள். பதினோரு மாதமாகத் தினமும் காலையில் பிடித்த கை அது. இன்று காலையிலும் மூன்று தரம் பிடித்தாள். நான்காவது தரம் பிடித்தபோது அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வீரையன் பத்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்தார். வயது எழுபதுக்கு மேல். எவ்வளவு மேல் என்பது அவருக்கே தெரியாது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் தனக்குக் கோவணம் கட்டத் தெரியும் என்பார், அவ்வளவுதான் கணக்கு. பாதி ஆயுள் பண்ணையாளாகவும், மீதி ஆயுள் ஐந்து மா நிலத்துக்குக் குத்தகைக்காரராகவும் இருந்தவர். அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் அளப்பவரும் அவர்தான். அவர் அளந்த நெல்லை ஒருவரும் மறு அளவை போட்டதில்லை.

அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் கண்ணாத்தாள் தெருமுனையிலேயே கதறத் தொடங்கி, வாசலில் விழுந்து, உள்ளே தவழ்ந்து வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அரை மணி நேரம் அழுத பிறகு மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டு தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள்.

"காலையில மாத்திர குடுத்தியா?"

செவ்வந்திக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்றைக்குப் பாதிச் சிரமம் மிச்சமாகியிருக்கும்.

"இல்ல அண்ணி."

"ஏன் குடுக்கல?"

"நாடி கொறஞ்சிருந்துச்சு. நாலு கலம், நாலு மரக்கால்தான் கண்டுச்சு. அஞ்சு கலத்துக்குக் கீழ போனா குடுக்கவே கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. அதான் ஒங்க தம்பிய காரு கொண்டாரச் சொல்லி அனுப்பிட்டு..."

"கலமாம், மரக்காலாம்!" கண்ணாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள். கூடியிருந்த பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. நல்ல பேச்சு நடக்கும்போது யாரும் அழமாட்டார்கள். "அன்னைக்கு அள்ளி அள்ளிக் குடுத்துக் கொல்லப் பாத்த. இன்னைக்குக் குடுக்காமயே கொன்னுட்டியேடி, பாவி!"

அன்றைக்கு அள்ளிக் கொடுத்தது உண்மைதான். இன்றைக்குக் கொடுக்காததும் உண்மைதான். நடுவில் கண்ணாத்தாள் சொன்ன அந்த ஒரு சொல் உண்மையா இல்லையா என்பதுதான் செவ்வந்திக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஆடியில் வீரையனுக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு பலவீனம் என்று சொல்லிச் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸம்மா நஃபீசா, நாகூர்க்காரி, ஐம்பதை நெருங்கியவள், விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்: காலையில் ஒன்று, வாரத்தில் ஐந்து நாள். பள்ளிக்கூடம் இல்லாத சனி ஞாயிறு இரண்டு நாளும் மாத்திரையும் இல்லை. மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. வீரையன் வரப்பில் நடக்க ஆரம்பித்தார். நடக்க ஆரம்பித்ததும் யோசிக்கவும் ஆரம்பித்தார்.

"அதென்ன ரெண்டு நாளு கெடையாது?" என்று செவ்வந்தியைக் கேட்டார். "ஆத்துல முறை வெச்சுத் தண்ணி வுடுறான். நம்ம முறை தவறிப்போனா அடுத்த முறையில சேத்து வாங்கிக்கிறமா இல்லியா? சும்மா வுட்டுருவமா? சனி, ஞாயிறு முறைய திங்கக்கெழம சேத்துக் குடு."

செவ்வந்திக்கு அது நியாயமாகவே பட்டது. முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியோடு சண்டைக்குப் போன ஊர் அது. விட்டுப்போன முறையை விட்டுக்கொடுத்தால் ஆண்மகன் என்று யாரும் மதிக்கமாட்டார்கள். திங்கட்கிழமை மூன்று மாத்திரை கொடுத்தாள். அடுத்த திங்களும் மூன்று. அதற்கடுத்த திங்களும் மூன்று.

வீரையனுக்குச் சோறு கசந்தது. காலையில் ஓங்கரித்தார். ஐப்பசி மாதம், நட்ட பயிர் தூர் கட்டிப் பச்சைப் பசேலென்று நிற்கிறது; அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு மகனிடம், "பயிரு பழுத்துப்போச்சுடா செல்லதுரை, அறுப்புக்கு ஆளு சொல்லு" என்றார். வெள்ளைச் சோற்றைப் பார்த்து, "மஞ்சத்தூளா போட்ட?" என்று மருமகளைக் கேட்டார். கடைசி அறுவடை கண்ணுக்குத் தெரிகிறது, ஆள் தங்காது என்று தெருவே முடிவு கட்டியது. கண்ணாத்தாளுக்குச் சொல்லியனுப்பினார்கள். வாயில் பால் ஊற்றிவிடலாமா என்றுகூட ஒரு கிழவர் கேட்டார்.

மாத்திரை தீரப்போகிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போன செவ்வந்தி, மற்ற கதைகளோடு கதையாக இதையும் நர்ஸம்மாவிடம் சொன்னாள். ஊசி கொதிக்கும் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்த நஃபீசா திரும்பினாள்.

"என்ன சொன்ன? மஞ்சளாத் தெரியுதுன்னாரா?"

"ஆமாங்க. வயசாயிருச்சுல்ல."

"வயசுமில்ல ஒண்ணுமில்ல. சாப்புடுறாரா? வாந்தி உண்டா? தெனம் எத்தன மாத்திர குடுக்கற?"

செவ்வந்தி முறைக் கணக்கைச் சொன்னாள். நஃபீசா தலையில் அடித்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. "அந்த டப்பாவத் தொடாத. இன்னைக்கே கூட்டிட்டு வந்து சேரு. மாத்திர அவரு ஒடம்புல தேங்கி நிக்குது" என்று மட்டும் சொன்னாள். தேங்கி நிற்பது என்றால் என்னவென்று செவ்வந்திக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடைமழையில் வடிகால் அடைத்துக்கொண்டால் பயிர் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மஞ்சள் வடிந்தது. பதினோராம் நாள் பஸ்ஸில் திரும்பும்போது வெளியே எட்டிப் பார்த்து, "பச்சையாத்தான் இருக்கு" என்றார், கைக்கு வந்த அறுவடையை யாரோ பிடுங்கிக்கொண்ட வருத்தத்தோடு.

டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கியிருந்தார். பாதியும் நாடி பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று நஃபீசா கட்டளை போட்டாள். ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும்; அறுபதுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது, நேரே ஆஸ்பத்திரி. விட்டது விட்டதுதான், மறுநாள் சேர்த்துக் கொடுக்கிற பேச்சே இருக்கக் கூடாது. அதற்காக வெள்ளாட்டை விற்று, நொடி முள் வைத்த டைம்பீஸ் ஒன்று வாங்கினார்கள். ஆனால் செவ்வந்திக்கு முள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ணும்போது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கேயோ வழி தப்பிவிடும். இரண்டு நாள் அழாக்குறையாக உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனா அப்புடித்தான் வரும்" என்றார் வீரையன், கையை நீட்டிக்கொண்டே. "லாபம்னு ஆரம்பி. பன்னெண்டு மரக்கா ஒரு கலம். கலத்துக்கு ஒரு நெல்ல எடுத்துத் தட்டுல போடு. அறுபதுன்னா என்னா? அஞ்சு கலம். அவ்வளவுதானே!"

களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். அப்படியே எண்ணினாள். லாபம், ரெண்டு, மூணு என்று பன்னிரண்டு வரை போய், ஒரு நெல்லைப் போட்டு, மறுபடி லாபம். தப்பவே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் எண்ணி முடித்ததும், களத்து விளைச்சலை விசாரிப்பது போலவே அவர் கேட்பார்: "இன்னைக்குக் கண்டுமுதல் எவ்வளவு?" அவள், "ஆறு கலம் கண்டிருக்கு மாமா" என்பாள். "பரவால்ல, குத்தகை போவ மிஞ்சும்" என்று மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொள்வார். பிறகு அவள் சோறு இறங்குகிறதா, வாந்தி உண்டா, வானம் என்ன நிறம் என்று கேட்பாள். கேட்டுவிட்டு அடுப்புக்கரியால் சுவரில் எழுதுவாள். கொடுத்தால் கோடு, கொடுக்காவிட்டால் சுழி. படிக்காதவள் எழுதியது.

அந்தப் பதினோரு மாதத்தை வீரையன் சும்மா உட்கார்ந்து கழிக்கவில்லை. குத்தகைக்காரன் பெயரைப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. கொடி பிடித்து, அடிபட்டு, லாக்கப்பில் இருந்து வாங்கிய சட்டம் என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் கொடுத்த சட்டம் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் சொல்வார்கள். யார் கொடுத்தால் என்ன, வீரையன் உழவனே இல்லை, தினக்கூலி என்று பண்ணையின் காரியக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். மாசியில் விசாரணை. தாசில்தார் முன்னால் வீரையன் மூச்சு வாங்க வாங்க நின்று, ஐந்து மாவிலும் எந்த மூலை மேடு, எந்த மடையில் நண்டு வளை, எந்த வருஷம் எத்தனை கலம் என்று ஒப்பித்தார். கடைசியில் தாசில்தார் காரியக்காரரிடம் அந்த நண்டு வளையை மட்டும் கேட்டார். காரியக்காரர் விழித்தார். பதிவில் பெயர் ஏறியது. ஐப்பசியில் வாயில் பால் ஊற்றியிருந்தால் அந்த ஐந்து மாவும் அன்றைக்கே போயிருக்கும். நஃபீசா என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் செவ்வந்திக்கு நெஞ்சு நிறைந்து வரும். எந்த சாமிக்கும் அவள் அவ்வளவு கடமைப்பட்டதாக நினைத்ததில்லை.

இன்று காலை நாலு கலம், நாலு மரக்கால். ஒருமுறை வாந்தி. வானம் என்ன நிறம் என்று கேட்டாள்; வெள்ளையாத்தான் இருக்கு என்றார். மறுபடி எண்ணினாள், மறுபடியும். மாத்திரையை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, புருஷனைக் கார் பிடிக்க விரட்டினாள். செல்லதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வாடகைக் காரோடு வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம் நின்றது.

அவன் அதிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா கத்தியதைக் கேட்டுக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றான். பிறகு உள்ளே வந்து, மாடத்தில் இருந்த டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். கண்ணாத்தாள் திட்டியதைவிட அதுதான் செவ்வந்திக்கு வலித்தது.

மூன்று மணி இருக்கும். பறை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சங்கத்திலிருந்து வந்தவர்கள் செங்கொடியைப் போர்த்திவிட்டு ஓரமாக நின்றார்கள். தெருமுனையில் வெள்ளைப் புடவை தெரிந்தது. டூட்டி முடிந்து உடை மாற்றக்கூட நேரமில்லாமல், கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியோடு, சேற்றில் செருப்பு வழுக்க வழுக்க நஃபீசா வந்துகொண்டிருந்தாள். பந்தலைப் பார்த்ததும் நின்றாள். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கூட்டிட்டு வருவீங்கன்னு ரெண்டு மணி வரைக்கும் பாத்தேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

செவ்வந்தி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் கண்ணாத்தாள் தலைவிரிகோலமாக முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதான நர்ஸம்மா? நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நாலு பேருக்கு முன்னால நீங்களே சொல்லுங்க. காலையில இவ எங்கப்பனுக்கு மாத்திர குடுக்கல. குடுத்திருந்தா எங்கப்பன் இருந்திருப்பாரா, மாட்டாரா?"

தெரு முழுக்கக் காது கொடுத்தது. செல்லதுரையும் திரும்பினான். செவ்வந்தி நஃபீசாவின் வாயையே பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் இனி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது. அதைவிட, தன் கையைத் தானே பார்க்க முடியாது.

நஃபீசா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வீரையன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு செவ்வந்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தன இருந்துச்சு?"

"நாலு கலம், நாலு மரக்கா."

நஃபீசா விரல் விட்டாள். "அம்பத்திரண்டு. எத்தன தரம் எண்ணுன?"

"மூணு தரம்."

"ஒரு நிமிஷம் முழுசா?"

"முழுசா."

"வாந்தி?"

"ஒரு தரம். மஞ்சளாத் தெரியலன்னாரு. கேட்டேன்."

"எங்க எழுதியிருக்க?"

செவ்வந்தி சுவரைக் காட்டினாள். நஃபீசா எழுந்து போய்ச் சுவரின் முன்னால் நின்றாள். ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டைப் படிப்பது போலவே, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரிசையாகப் படித்தாள். ஐந்து கோடு, இரண்டு சுழி. ஐந்து கோடு, இரண்டு சுழி. வைகாசியில் ஒரு வாரத்தில் மட்டும் மூன்று சுழி. அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது?"

"அன்னைக்கும் கொறஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தமே."

"ஆமா, வந்தீங்க." கடைசிச் சுழிக்கு வந்தாள். கரி இன்னும் புதிதாக இருந்தது. திரும்பி, கண்ணாத்தாளைப் பார்த்தாள்.

"அம்மா, நான் பக்கத்துல இருந்திருந்தாலும் இன்னைக்கு அந்த மாத்திரையக் குடுத்திருக்க மாட்டேன். டாக்டரும் குடுத்திருக்க மாட்டாரு. குடுத்திருந்தா, குடுத்ததுனாலதான் போனாருன்னு இந்நேரம் நானே சொல்லியிருப்பேன். நேத்து வரைக்கும் குடுத்தது இன்னும் அவரு ஒடம்புல இருக்கு. ஒரு வேள நின்னதுனால யாரும் போறதில்ல. அவரு நெஞ்சு தேஞ்சுபோச்சு, அவ்வளவுதான். போன ஐப்பசியிலயே போயிருக்க வேண்டியவரு."

நஃபீசா சுவரிலிருந்த கோடுகளைக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"எங்க வார்டுல நாங்க நாலு பேரு முறை மாத்தி முறை மாத்திப் பாக்குறோம். அப்பவும் தப்பு வந்துடுமோன்னு பயந்துக்கிட்டுத்தான் பாக்குறோம். இவ ஒருத்தியா பதினோரு மாசம் பாத்திருக்கா. ஒரு நாள் விட்டுப்போகல. எங்கிட்ட வேலை கத்துக்க வந்த பொண்ணுங்க யாரும் எனக்கு இப்புடிச் செஞ்சதில்ல."

செவ்வந்தி அதுவரை அழவில்லை. இப்போது நஃபீசாவின் இரண்டு கையையும் பிடித்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "ஒங்களாலதான் நர்ஸம்மா இம்புட்டு நாளு இருந்தாரு, ஒங்களாலதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நஃபீசாவின் கண்ணும் கலங்கியது. செல்லதுரை உள்ளே வந்து, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பெண்டாட்டியின் பக்கத்தில் வைத்தான். சொம்பைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னும் பக்கத்தில் வைத்தான். செவ்வந்தி அதை எடுத்துக் குடித்தாள்.

கண்ணாத்தாள் அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, மேலே மொய்த்த ஈயை முந்தானையால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கரைக்கு எடுத்தார்கள். நெய்ப்பந்தம், வாய்க்கரிசி எல்லாம் முறைப்படி நடந்தன. நஃபீசா தெருமுனை வரை பாடையின் பின்னால் நடந்து வந்து, அங்கிருந்து பஸ்ஸுக்குத் திரும்பினாள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வாசலைக் கழுவிவிட்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போனார்கள்.

புரட்டாசித் தண்ணீர், செம்மண் கலங்கி இரு கரையும் தொட்டு ஓடியது. எல்லாரும் தலை முழுகி, ஈரத்தோடு கரையேறினார்கள். பாதி ஏற்றத்தில் கண்ணாத்தாள் நின்றுவிட்டாள். கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். மூச்சு வாயால் வந்தது.

"நீங்க போங்கடி, வர்றேன்" என்றாள் மற்றவர்களிடம்.

செவ்வந்தி நின்றாள். நாத்தனாரின் கால்களைப் பார்த்தாள். ஈரப் புடவைக்குக் கீழே கணுக்கால் பளபளவென்று உப்பியிருந்தது.

"எத்தன நாளா அண்ணி?"

கண்ணாத்தாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலஞ்சு மாசமா. அப்பாவுக்கும் இப்புடித்தான ஆரம்பிச்சுது. யாருகிட்டயும் சொல்லல."

செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டப் போனவள் தயங்கினாள். நாலு பேருக்கு முன்னால் கொன்னுட்டியேடி என்று கேட்ட காது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாத்தாள் அவளைப் பார்க்காமலே தன் வலது கையை மடியில் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய வைத்தாள்.

செவ்வந்தி மூன்று விரலை வைத்தாள். குளிர்ந்திருந்த தோலுக்கு அடியில் அது அகப்பட்டது. மேலே கரையில் பெண்கள் புடவையைப் பிழிந்துகொண்டே காத்து நின்றார்கள்.

"எப்புடிடி இருக்கு?" என்றாள் கண்ணாத்தாள்.

"பேசாதீங்க அண்ணி. எண்ணிக்கிட்டிருக்கேன்."